பதினொன்றாம் வகுப்பில் எந்த அமெரிக்க வரலாறு?

பிப்ரவரி வந்துவிட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இருக்காது. அடுத்த வருஷத்துக்கான கோர்ஸ் செலக்‌ஷன் படிவம் பிள்ளைகள் கையில் வந்திருக்கும். கணக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் அது ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிட்ட விஷயம். எல்லாரும் தடுமாறுவது வரலாற்றில்தான். 'ஏபுஷ் எடுக்கலாமா, ரெகுலரே போதுமா, இல்லை கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிடலாமா?' ஏபுஷ் என்றால் ஏ.பி. யு.எஸ். ஹிஸ்டரி, ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் படித்துப் பொதுத் தேர்வு எழுதும் அமெரிக்க வரலாறு. பிள்ளைகள் ஒரே மூச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள். ரெகுலர் என்பது பள்ளியின் சாதாரண வகுப்பு. கம்யூனிட்டி காலேஜ் என்பது ஊரிலுள்ள ஈராண்டு அரசுக் கல்லூரி.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம். மூத்தவன் ஏபுஷ் படித்து முடித்து இப்போது கல்லூரியில் இருக்கிறான். இளையவள் பத்தாம் வகுப்பு, படிவம் அவளுக்குத்தான். குழுவில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிற மாநிலங்களில் பாட அமைப்பு வேறு. உதாரணமாக நியூ ஜெர்சியில் ஹைஸ்கூலிலேயே இரண்டு வருஷம் அமெரிக்க வரலாறு கட்டாயம். அங்கிருப்பவர்கள் இதை அதற்கேற்ப மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் இந்தப் பாடம் மூன்று தவணையாக வருகிறது. ஐந்தாம் வகுப்பில் குடியேற்றங்களும் விடுதலைப் போரும். எட்டாம் வகுப்பில் அரசியல் சட்டம் எழுதியதிலிருந்து முதல் உலகப் போரின் வாசல் வரை. பதினொன்றில் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. ரெகுலர் வகுப்பு ஆசிரியர் ஆகஸ்டில் கொஞ்ச நாள் பழைய கதையைத் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் நேரே எஃகு ஆலை, ரயில் பாதை, குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவு என்று போய்விடுவார். அடிமை முறையும் உள்நாட்டுப் போரும் அதற்குப் பின் வந்த மறுசீரமைப்புக் காலமும் பதின்மூன்று வயதில் படித்ததோடு சரி.

ஏபுஷ் அப்படியில்லை. அது 1491இல், அதாவது கொலம்பஸ் வருவதற்கு முந்தைய வருஷத்தில், தொடங்குகிறது. அங்கிருந்து இன்றுவரை ஒன்பது காலகட்டங்களாகப் பிரித்து ஒரே கல்வியாண்டில் முடிக்கிறது. ஏபுஷ்ஷை 'அதே பாடம், கொஞ்சம் கடினம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் நிறையப் பேர். அதே பாடம் இல்லை. ரெகுலர் வகுப்பு எட்டாம் வகுப்பின் மேல் மாடி கட்டுகிறது. ஏபுஷ் தரையைத் தோண்டி அஸ்திவாரத்திலிருந்து மறுபடி கட்டுகிறது. அதனால் படிவத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, பிள்ளையின் எட்டாம் வகுப்பு எப்படிப் போனது என்பது.

என் மகளுடையது இப்படிப் போனது. அவளுடைய ஆசிரியருக்கு அரசியல் சட்டம் என்றால் உயிர். 1787இன் பிலடெல்ஃபியா மாநாட்டை வகுப்பிலேயே நடத்தினார்கள். பிள்ளைகள் பஞ்சில் டோப்பா செய்து வைத்துக்கொண்டு, சிறிய மாநிலம் பெரிய மாநிலம் என்று கட்சி பிரிந்து, வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். இன்றைக்கும் செனட்டில் ஏன் எல்லா மாநிலத்துக்கும் இரண்டே இடம் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள். அருமையான வகுப்பு, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஜூனில் பள்ளி மூடும்போது அவர்கள், அடிமை முறையை அனுமதிப்பதா என்று 1850களில் நடந்த கான்சாஸ் கலவரத்தில் நின்றிருந்தார்கள். என் மகளைப் பொறுத்தவரை உள்நாட்டுப் போர் நடக்கவே இல்லை.

இது எங்கள் பள்ளிக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. நாடு முழுக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும் தேசிய மதிப்பீட்டில், 2022இல் அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி நிலையைத் தொட்டவர்கள் 13 சதவீதம்தான். கணக்கிலும் ஆங்கிலத்திலும் மாநிலத் தேர்வு இருப்பதால் பள்ளிகளின் கவனம் அங்கே போகிறது. வரலாறு கிடைத்த நேரத்தில் நடக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையனின் கதை வேறு. அவன் கோயம்புத்தூரில் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே வந்தவன். எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாறு என்ற ஒன்றை அவன் கண்ணாலேயே பார்த்ததில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'புரட்சிகளின் காலம்' என்ற ஒரே பாடத்தில் அமெரிக்கப் புரட்சியும் பிரெஞ்சுப் புரட்சியும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். 'வந்ததும் வராததுமா ஏ.பி. வேண்டாம், ரெகுலரே எடுத்துக்கோ' என்று எல்லாரும் சொன்னோம், நான் உட்பட. கேட்பதற்கு நியாயமான அறிவுரையாகத்தான் இருந்தது. ஆனால் ரெகுலர் வகுப்பில் ஆசிரியர் பதினான்காம் திருத்தம் (இங்கே பிறந்தவர் குடிமகன், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று சொல்லும் அரசியல் சட்டத் திருத்தம்) என்பதை, நம்மூரில் 'சட்டசபை' என்று சொல்வதுபோல, விளக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். 1896இல் இனப் பிரிவினையை அனுமதித்த பிளெஸ்ஸி வழக்கு, 1898இல் வோங் கிம் ஆர்க் வழக்கு, 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடுத்த பிரவுன் வழக்கு என்று எல்லாமே அந்த ஒரு திருத்தத்தின் மேல்தான் நடக்கின்றன. அது 1868இல் எதற்காக வந்தது என்பதே அவனுக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகளுக்கு அரைகுறையாகவாவது தெரியும். அவனுக்கு ரெகுலர்தான் கடினமான வகுப்பாக ஆகிவிட்டது. எளிதானது என்று நினைத்து நாங்கள் தள்ளிவிட்ட இடம் அது.

வோங் கிம் ஆர்க் வழக்கை நம் பிள்ளைகள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் சீனப் பெற்றோருக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த மகன். சீனாவுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது நீ குடிமகன் இல்லை என்று துறைமுகத்திலேயே நிறுத்தினார்கள். இங்கே பிறந்ததால் அவர் குடிமகனே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாவில் இருக்கும்போது பெற்ற பிள்ளைகளுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கிய வீடுகள் நம் குழுவிலேயே எத்தனை!

சரி, ஏபுஷ்ஷுக்கு வருவோம். அதன் தேர்வு மே மாதத் தொடக்கத்தில் நடக்கும். 3 மணி 15 நிமிடம். 55 கொள்குறி வினாக்களுக்கு 40 சதவீதம், மூன்று குறுவிடைகளுக்கு 20 சதவீதம், நீள் கட்டுரைக்கு 15 சதவீதம். மீதி 25 சதவீதம் டி.பி.க்யூ. எனப்படும் ஆவணக் கட்டுரைக்கு. 2025இலிருந்து எல்லாமே கணினியில்தான். கையெழுத்து மோசமான பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி.

இந்த ஆவணக் கட்டுரைக்காகவே ஏபுஷ் எடுக்கலாம் என்பேன். ஏழு ஆவணங்கள் கொடுப்பார்கள்: ஒரு கடிதம், ஒரு கேலிச்சித்திரம், ஒரு சட்டத்தின் பகுதி, ஒரு சொற்பொழிவு என்று கலந்து இருக்கும். வாசிக்கவும் எழுதவும் சேர்த்து ஒரு மணி நேரம். ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. இதை யார், யாருக்காக, எந்த நேரத்தில், என்ன காரியம் ஆக வேண்டும் என்று எழுதினார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குத் தனியாக மதிப்பெண் உண்டு.

மூத்தவன் படித்த வருஷம் சாப்பாட்டு மேஜையில் நடந்தது ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. லிங்கன் 1862 ஆகஸ்டில் நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி அவன் கையில் இருந்தது. ஒன்றியத்தைக் காப்பாற்றுவதுதான் தன் நோக்கம் என்கிறார் லிங்கன். ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் அதைச் செய்ய முடிந்தால் அப்படியே செய்வேன், எல்லாரையும் விடுவித்தால்தான் முடியும் என்றால் அதையும் செய்வேன் என்கிறார். பையனுக்கு ஆத்திரம். 'அம்மா, இவருக்கா இவ்வளவு பெரிய சிலை?' என்றான். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஒரு காலவரிசை. அடிமை விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் தன் அமைச்சரவையில் வாசித்துக் காட்டியது ஜூலை 22ஆம் தேதி. அதாவது கிரீலிக்குக் கடிதம் எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பே. போரில் ஒரு வெற்றி வரட்டும், தோல்விக்கு நடுவில் வெளியிட்டால் கையாலாகாதவன் கடைசி முயற்சி மாதிரித் தெரியும் என்று அமைச்சர் சீவர்ட் சொன்னதால் அது பெட்டிக்குள் காத்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் போர். ஐந்தாம் நாள் அறிவிப்பு வந்துவிட்டது.

'அப்போ கடிதத்தில் பொய் சொன்னாரா?' என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அடிமை முறை இருந்தும் வடக்கோடு நின்ற எல்லையோர மாநிலங்கள் தெற்கோடு போய்விடக் கூடாது என்று அவர்கள் காதுக்காக எழுதியிருக்கலாம். வரப்போகும் அறிவிப்பை வடக்கத்தியர் ஏற்கும்படி முன்கூட்டியே பக்குவப்படுத்தியிருக்கலாம். கடிதத்தின் கடைசியில், இது என் பதவியின் கடமை, எல்லா மனிதர்களும் எங்கும் விடுதலையாக இருக்க வேண்டும் என்ற என் சொந்த விருப்பம் மாறவில்லை என்று ஒரு வரியும் இருக்கிறது. மூன்றையும் பேசிப்பேசி இட்லி ஆறிப்போனது. ஒரு காகிதத்தை இப்படிப் புரட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வேர்டையும் அப்படியே பார்க்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் யாராவது இந்த வகுப்பை நடத்தினால் தேவலை.

இதற்குக் கொடுக்கும் விலை சின்னதில்லை. ஒன்பது காலகட்டங்களை மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு வாரமும் ஒரு பெரிய அத்தியாயமாவது ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் எங்கள் வீட்டில் வரலாற்றுக் குறிப்பு எழுதும் நேரம். கோயிலுக்குக் கிளம்பினாலும் காரின் பின் இருக்கையில் புத்தகம் வரும். நமக்கு நெருக்கமான இடங்களில்தான் வண்டி வேகமாகப் போகும். 1980க்குப் பிந்தைய காலத்துக்குத் தேர்வில் 4 முதல் 6 சதவீதம்தான் பங்கு என்பதால், ஏப்ரல் நெருக்கடியில் பல ஆசிரியர்கள் அதை இரண்டு மூன்று நாளில் கடந்துவிடுகிறார்கள். நாமெல்லாம் இந்த நாட்டுக்கு வந்த கதை அந்தக் கடைசி மூன்று நாளில்தான் இருக்கிறது.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு விஷயம். 2023இல் ஏபுஷ் எழுதியவர்களில் 5க்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. 2024இல் அது பத்தில் ஏழு பேராகிவிட்டது. பிள்ளைகள் ஒரே வருஷத்தில் அறிவாளியாகிவிடவில்லை. மதிப்பெண் கோடு போடும் முறையை, ஏ.பி. தேர்வை நடத்தும் கல்லூரி வாரியம் மாற்றியது. அதனால், 'என் அண்ணன் பையன் எவ்வளவோ படித்தும் 3தான் வாங்கினான்' என்று பழைய கதையைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. இன்று வாங்கும் 4 முன்பு வாங்கிய 4 தானா என்று கேட்டால், அதற்கும் உறுதி சொல்ல முடியாது.

இந்த வகுப்பு அரசியல் இல்லாதது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2014இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது இது நாட்டைக் குறைத்துப் பேசுகிறது என்று குடியரசுக் கட்சியின் தேசியக் குழு கண்டனத் தீர்மானம் போட்டது. கொலராடோவின் ஜெஃபர்சன் கவுண்டியில் பள்ளி வாரியம் பாடத்தில் கைவைக்கப் போகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறி ரோட்டோரம் நின்றார்கள். அடுத்த வருஷம் கல்லூரி வாரியம் பாடத்திட்டத்தைத் திருத்தியது. வரலாற்றுப் பாடத்துக்காகப் பதினாறு வயதுப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள் என்பதே எனக்குப் பிடித்த செய்தி.

ரெகுலர் வகுப்பை நம்மவர்கள் ஒரு படி கீழே வைத்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. ஏபுஷ் பாதி வருஷத்தில் ஓடிக்கடக்கும் நூற்றைம்பது வருஷத்துக்கு ரெகுலர் வகுப்பு கிட்டத்தட்ட முழு வருஷத்தைக் கொடுக்கிறது. நல்ல ஆசிரியர் கையில் அது என்ன ஆகும் என்று என் தோழியின் மகன் வழியாகப் பார்த்தேன். 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்கள் வீடு வாசலைவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். இதை அவன் வகுப்பில் மூன்று வாரம் படித்தார்கள். ஆணை, தொலைபேசிக் கம்பத்தில் ஒட்டிய அறிவிப்பு, 1944இல் அரசுக்குச் சாதகமாக வந்த கொரமாட்சு தீர்ப்பு, அதில் மாறுபட்ட நீதிபதிகள் எழுதியது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார் ஆசிரியர். கொரமாட்சு ஓக்லண்டில் பிறந்தவர்; எங்களுக்கு அரை மணி நேரத் தூரம்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அந்தப் பையன் தன் அம்மாவை சான் புரூனோவுக்கு அழைத்துப் போயிருக்கிறான். அங்கே டான்ஃபோரன் என்று ஒரு மால். நாங்களெல்லாம் தீபாவளிக்கு முன்னால் துணி எடுக்கப் போன இடம்தான். அந்த இடம் முன்பு குதிரைப் பந்தய மைதானம். 1942இல் ஏறத்தாழ 8,000 பேரை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். குதிரை லாயங்களில் குடும்பங்கள் படுத்திருக்கின்றன. பக்கத்து பார்ட் ரயில் நிலையத்தில் இப்போது இரண்டு சிறுமிகளின் வெண்கலச் சிலை இருக்கிறது. 'எத்தனை வருஷமா இங்க வர்றோம்மா, ஒருத்தர்கூடச் சொல்லலையே' என்றானாம். ஏபுஷ் எடுத்த என் மகனுக்கு 9066 என்ற எண் தெரியும். டான்ஃபோரன் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ரெகுலர் வகுப்பின் சிக்கல், அது முழுக்க முழுக்க ஆசிரியரைப் பொறுத்தது என்பது. ஏபுஷ்ஷில் ஆசிரியர் சுமாராக இருந்தாலும் மே மாதத் தேர்வு ஒரு கடிவாளமாக நிற்கும். ரெகுலரில் அந்தக் கடிவாளம் கிடையாது. பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரு செமஸ்டர் முழுக்கக் காணொளி, பயிற்சித்தாள், காணொளி, பயிற்சித்தாள் என்று போனதைக் கேள்விப்பட்டு நொந்துபோனேன். ரெகுலரைவிடச் சற்றுக் கடினமான ஹானர்ஸ் வகுப்பு இருக்கும் பள்ளிகளில் நடுவழி ஒன்று கிடைக்கும்; ஆனால் அது யூ.சி. (கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகம்) அங்கீகரித்த ஹானர்ஸா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் மட்டும் ஹானர்ஸ் என்றால் யூ.சி. கணக்கிடும் ஜி.பி.ஏ.வில், அதாவது மதிப்பெண் சராசரியில், கூடுதல் புள்ளி வராது. இன்டர்நேஷனல் பாக்கலோரியட் எனும் ஐ.பி. பாடத்திட்டப் பள்ளியில் இருப்பவர்களுக்கு அமெரிக்கக் கண்டங்களின் வரலாறு என்று ஈராண்டுப் பாடம் உண்டு. அதை எடுத்த வீடு எதுவும் எனக்குப் பழக்கமில்லை, அதனால் விடுகிறேன்.

மூன்றாவது வழி கம்யூனிட்டி காலேஜ். இப்போது நம்மவர்களிடையே இதுதான் நாகரிகம். பெரும்பாலும் பாடத்தை 1877 வரை, 1877க்குப் பின் என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு செமஸ்டரில் நடத்துகிறார்கள். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் டியூஷன் கட்டணம் கிடையாது. புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும்தான். ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடத்தை யூ.சி. ஒரு முழு வருஷ ஹைஸ்கூல் பாடமாக எடுத்துக்கொள்கிறது. கூடுதல் புள்ளியும் உண்டு. ஒரே நாள் தேர்வில் எல்லாம் தொங்காது. கேட்பதற்கு லாட்டரி மாதிரி இருக்கிறது இல்லையா?

இருக்கிறதுதான். ஆனால் நம் வீடுகளுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது பதினைந்தாக இருந்தாலும், அந்தப் பாடத்தின் பதிவேட்டு உரிமை பிள்ளைக்குப் போய்விடும். நீங்கள் பேராசிரியருக்கு மெயில் போட்டு 'என் மகன் எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார். தினமும் போர்ட்டலைத் திறந்து கிரேடு பார்த்துப் பழகிய அப்பா ஒருவர் அந்த நான்கு மாதம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அங்கே வாங்கும் கிரேடு நிரந்தரமானது, ஏ.பி. தேர்வில் 2 வந்தால் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிடலாம், கல்லூரி ட்ரான்ஸ்கிரிப்ட்டில் விழுந்த 'டி'யை மறைக்க முடியாது. பதிவு செய்வதிலும் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கடைசி வரிசை. நல்ல பேராசிரியரின் வகுப்பு அதற்குள் நிரம்பியிருக்கும்.

அதற்குப் பின் கிடைப்பது என்ன மாதிரி வகுப்பு என்பது அவரவர் யோகம். எங்கள் குழுவிலேயே ஒரு பெண் கோடையில் ஆன்லைனில் எடுத்தாள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. வாரம் பத்துக் கேள்வி, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஆறு வாரம், 'ஏ'. ஓர் அசல் ஆவணம்கூட அவள் படிக்கவில்லை. பிரெடரிக் டக்ளஸ் யார் என்று கேட்டேன், பெயர் கேள்விப்பட்டதுபோல் இருக்கிறது என்றாள். 1852இல் ராச்செஸ்டரில் மேடை ஏறி, உங்கள் ஜூலை நான்கு ஓர் அடிமைக்கு என்ன என்று கேட்ட மனிதரைத் தெரியாமல் 1877 வரைக்கும் போய்வந்துவிட்டாள்.

அதே கம்யூனிட்டி காலேஜ்தான் அந்தக் கோயம்புத்தூர்ப் பையனைக் கரையேற்றியது. ரெகுலர் வகுப்பில் அவன் திணறுவதைப் பார்த்து, ஜனவரியில் '1877 வரை' பாதியை மட்டும் மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆன்லைன் இல்லை, நேரில். வேலை முடித்து வரும் பெரியவர்களோடு உட்கார்ந்து படித்தான். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, 'ஆன்ட்டி, யார்க்டவுன்ல வாஷிங்டன்கிட்ட சரணடைஞ்ச காரன்வாலிஸும் திப்பு சுல்தானோட சண்டை போட்ட காரன்வாலிஸும் ஒரே ஆளா?' என்றான். ஒரே ஆள்தான். 1781இல் இங்கே தோற்றவர் 1786இல் அங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலத்துப் பக்கம் பாராமகாலையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது. பாஸ்டன் துறைமுகத்தில் 1773இல் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் அதே கம்பெனியுடையதுதான். அன்றைக்குத்தான் அந்தப் பையனுக்கு இந்த நாட்டு வரலாறு யாரோ ஒருவர் வீட்டுக் கதையாக இல்லாமல் போனது என்று நினைக்கிறேன்.

ஜி.பி.ஏ. பற்றிக் கேட்காமல் நம்மவர்கள் விட மாட்டார்கள். யூ.சி. கணக்கில் ஏபுஷ்ஷில் வாங்கும் 'பி', ரெகுலரில் வாங்கும் 'ஏ'யோடு சமம். இரண்டுக்கும் 4 புள்ளி. கூடுதல் புள்ளிக்கு எட்டு செமஸ்டர் என்ற உச்சவரம்பு உண்டு. ஏற்கெனவே கணக்கு, வேதியியல், கணினி என்று ஏ.பி. நிறைத்து வைத்திருக்கும் பிள்ளைக்கு ஏபுஷ்ஷால் அந்தக் கணக்கில் ஒன்றும் ஏறாமல் போகலாம். ஏபுஷ்ஷில் 3 வாங்கினாலே யூ.சி. கல்லூரிப் பாட யூனிட் கொடுக்கிறது, தனியார் பல்கலைக்கழகங்கள் பல கொடுப்பதில்லை. இதற்கு மேல் புள்ளிக்கணக்குப் பார்க்க விரும்புகிறவர்கள் கவுன்சிலரிடம் போங்கள்.

நான் கவுன்சிலரிடம் கேட்டது வேறு. இரண்டு வகுப்பிலும் போன மாதம் கொடுத்த ஒரு பயிற்சித்தாளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாலும் வாங்கிக் கொடுத்தார்கள். ஏபுஷ் தாளில் 1890களின் விவசாயிகள் கிளர்ச்சி பற்றி ஐந்து ஆவணங்களும், ஒவ்வொன்றுக்கும் 'இவர் யாரிடம் பேசுகிறார்?' என்ற கேள்வியும் இருந்தன. ரெகுலர் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்புக. எங்கள் பள்ளியில் எனக்கு அதிலேயே விடை கிடைத்துவிட்டது. தோழியின் மகன் பள்ளியில் கேட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கும். ரெகுலர் வகுப்பிலும் ஆவணம் வைத்து நடத்த ஆசிரியருக்குத் தடை ஒன்றும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய வரலாற்று வாசிப்புப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் ஆசிரியர் அவற்றைப் பயன்படுத்துகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஆக, என் கணிப்பு இது. எட்டாம் வகுப்பை ஒழுங்காக முடித்த, வரலாற்றில் பெரிய ஈடுபாடு இல்லாத பிள்ளைக்கு, நல்ல ஆசிரியர் இருந்தால், ரெகுலர். இந்தியாவிலிருந்து ஒன்பதிலோ பத்திலோ வந்த பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் முன்னாலேயே, கோடையில், கம்யூனிட்டி காலேஜில் '1877 வரை' பாதி. முடிந்தால் நேர் வகுப்பாக. நாங்கள் ஜனவரி வரை காத்திருந்தது தப்பு. வாதாடப் பிடிக்கும், ஆங்கிலம் வேகமாக வாசிக்கும், எட்டாம் வகுப்பில் பெரிய ஓட்டை உள்ள பிள்ளைக்கு ஏபுஷ். என் மகள் இந்தக் கடைசி வகை. செனட் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவளை வேறு எங்கே உட்கார வைப்பது? பதிலுக்கு ஏ.பி. வேதியியலைப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டோம். அவள் அப்பாவுக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்.

வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டாள். மாற்றுப் பாடம் என்ற கட்டத்தில் ரெகுலர் என்று போட்டிருக்கிறாள். ஆகஸ்டுக்குள் கான்சாஸ் கலவரத்திலிருந்து உள்நாட்டுப் போர் முடிந்த அப்போமாட்டாக்ஸ் வரை இரண்டு பேரும் சேர்ந்து படித்துவிடுவது என்று பேச்சு. நான் இன்னும் கான்சாஸில்தான் நிற்கிறேன். அவள் ஆன்டீட்டம் தாண்டிப் போய்விட்டாள்.